வக்கீல் வீட்டில் இருக்கும் வழக்குக் கட்டு யாருக்குச் சொந்தம்?

திருவிடைமருதூர்ப் பக்கத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். தாத்தா காலம் தொட்டு அவர்கள் குடும்பத்துக்கு ஒரே வக்கீல் வீடு. வயல் ஒன்றை மீட்க அவருடைய அப்பா 2017-இல் தொடுத்த வழக்கை அந்த வீட்டுப் பெரியவர்தான் நடத்தினார். பெரியவர் சென்ற ஆண்டு காலமானார். இந்த ஜூலை 3 அன்று அப்பாவும் இறந்துவிட்டார். இப்போது அலுவலகத்தைப் பார்ப்பது பெரியவரின் மகன். “ஃபீஸ் பாக்கி 40,000 ரூபாயைக் கொடுத்தால்தான் வழக்குக் காகிதக் கட்டும் பத்திரமும் கிடைக்கும்” என்கிறார் குமாஸ்தா. இதற்கிடையில் ஒரு தரகர், “எனக்குப் பவர் பத்திரம் எழுதிக் கொடுங்கள், வழக்கை நான் பார்த்துக்கொள்கிறேன்” என்று வீட்டுக்கு வந்து போகிறாராம்.

அம்மா, கட்டு இருக்கட்டும். முதலில் தேதியைப் பாருங்கள். வழக்குத் தொடுத்தவர் இறந்தால், வாரிசுகள் தங்களை வழக்கில் சேர்க்கும்படி 90 நாட்களுக்குள் மனுப் போட வேண்டும். போடாவிட்டால் வழக்கு தானாகவே அற்றுப்போகும். உங்கள் கணக்கில் 90-ஆவது நாள் அக்டோபர் 1. அதைத் தவறவிட்டால் அடுத்த 60 நாட்களுக்குள் வழக்குக்கு உயிர் கொடுக்கும்படி கேட்கலாம். ஆனால் தாமதத்துக்குக் காரணம் சொல்லி, எதிர்த்தரப்பின் மறுப்புக்கெல்லாம் பதில் சொல்லி, ஓர் ஆண்டு அதிலேயே போய்விடும்.

வாரிசுச் சான்றிதழ் கைக்கு வரட்டும் என்றும் காத்திருக்காதீர்கள். கிராம நிர்வாக அலுவலர் விசாரித்து, வருவாய் ஆய்வாளர் விசாரித்து, தாசில்தார் கையெழுத்திட வேண்டும். இறந்தவருக்குப் பிள்ளைகள் யார் என்று தெருவுக்கே தெரியும். அதை எழுதித் தர ஏன் இத்தனை மேசைகள் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. இறப்புச் சான்றிதழும் உறுதிமொழிப் பத்திரமும் வைத்து மனுவைப் போட்டுவிடுங்கள். வாரிசுச் சான்றிதழைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம். அம்மா, அண்ணன் தம்பி, கட்டிக்கொடுத்த அக்கா தங்கை எல்லோர் பெயரும் மனுவில் வர வேண்டும். அப்பாவைப் பெற்ற பாட்டி உயிரோடு இருந்தால் அவரும் முதல் நிலை வாரிசுதான். அவரைப் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

அடுத்து வக்காலத்து, அதாவது வழக்கை நடத்தக் கட்சிக்காரர் வக்கீலுக்குக் கையெழுத்திட்டுக் கொடுக்கும் அதிகாரத் தாள். வக்கீல் இறந்தாலும் கட்சிக்காரர் இறந்தாலும் வக்காலத்து முடிந்துவிடும். உங்கள் வழக்கில் இருவருமே இல்லை. வயல் பட்டா மாறுவதுபோலக் கட்சிக்காரர்கள் தகப்பனிடமிருந்து மகனுக்கு மாறுவதில்லை. அவரையே வைத்துக்கொள்வதும் வேறொருவரிடம் போவதும் உங்கள் விருப்பம். எப்படியானாலும் வாரிசுகள் புதிய வக்காலத்தில் கையெழுத்திட வேண்டும்.

இதில் ஒரு விலக்கு உண்டு; கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். 2017-இல் அப்பா கையெழுத்திட்ட வக்காலத்தில் தகப்பன், மகன் இருவர் பெயரும் இருந்திருக்கலாம். குடும்பமாகத் தொழில் செய்யும் வீடுகளில் இது சாதாரணம். வக்கீல் குடும்பமான நாங்களும் அப்படித்தான் எழுதுவோம். அப்படியிருந்தால் பெரியவர் இறந்த பிறகும் மகனின் பொறுப்பு தொடர்ந்திருக்கிறது. அப்பா இறந்ததும் அதுவும் முடிந்தது. ஆனால் ஒரே ஒரு காரியத்துக்கு மட்டும் சட்டம் அதை உயிரோடு வைத்திருக்கிறது: கட்சிக்காரர் இறந்த செய்தி தெரிந்தால், வக்கீல் அதை நீதிமன்றத்துக்குத் தெரிவித்தாக வேண்டும். ஆகவே பெயர் இருந்தால், நீதிமன்றத்தில் சொல்ல வேண்டிய கடமை மகனுக்கு உண்டு. பெயர் இல்லையென்றால் பெரியவர் போன நாளிலிருந்து உங்கள் வழக்குக்கு வக்கீலே இல்லை என்று பொருள். நீதிமன்றத்தில் வழக்குக் கட்டைப் பார்வையிட மனுப் போட்டால் எது என்று தெரிந்துவிடும்.

இனி அந்த 40,000. ஃபீஸ் பாக்கிக்காகக் கட்சிக்காரரின் கட்டைப் பிடித்து வைத்துக்கொள்ள வக்கீலுக்கு உரிமை இல்லை. ஆர்.டி. சக்சேனா வழக்கில் 2000-ஆம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. பாக்கி உண்மையென்றால் அதைக் கேட்டுத் தனியாக வழக்குப் போடலாம், அவ்வளவுதான். கட்டைக் கேட்டு எழுத்தில் கடிதம் கொடுங்கள். தரவில்லையென்றால் தமிழ்நாடு மற்றும் புதுச்சேரி பார் கவுன்சிலில் புகார் செய்யலாம். நீங்களே கணக்குப் பார்த்து ஏதாவது கொடுக்க வேண்டும் என்று நினைத்தால், வக்கீல் கையில் கொடுத்து ரசீது வாங்குங்கள். குமாஸ்தா கையில் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.

என் தாத்தா வைத்திருந்த தகரப் பெட்டிகள் என் தந்தை காலத்துக்குப் பிறகு என்னிடம் வந்தன. பாகப் பத்திரம், உயில், அடமானம் தீர்ந்த கடன் பத்திரம் என்று ஊரில் பாதிப் பேருடைய காகிதம் அதில் இருந்தது. ஒவ்வொரு குடும்பமாகத் தேடி, கையெழுத்து வாங்கிக்கொண்டு திருப்பிக் கொடுத்து முடிக்க இரண்டு ஆண்டுகள் ஆயின. நம்பி வைத்துவிட்டுப் போனவர்களின் பொருள் அது. அதன்மேல் விலை வைப்பவரைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது.

மூலப்பத்திரம் அந்த வீட்டில்தான் இருக்கிறது என்று எப்படித் தெரியும்? அது நீதிமன்றத்திலேயே தாக்கலாகியிருக்கலாம். வழக்குத் தொடுக்கும்போது அப்பா தரப்பில் தாக்கல் செய்த பிராதின் கடைசிப் பக்கத்தில் உள்ள ஆவணப் பட்டியலில் ‘அசல்’ என்று போட்டிருக்கிறதா பாருங்கள். எப்படியும் பதிவான பத்திரத்துக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் கிடைக்கும். பதிவுத்துறை இணையதளத்திலேயே விண்ணப்பிக்கலாம். வாசலில் நிற்கும் ஆளுக்குப் பணம் தர வேண்டியதில்லை.

அந்தத் தரகரை இனி வீட்டுக்குள் விடாதீர்கள். வழக்கு நடத்தத்தான் பவர் என்பார். பத்திரத்தின் நாலாம் பக்கத்தில், மற்ற வரிகளோடு வரியாக, ‘கிரயம் செய்யவும் முன்பணம் பெறவும்’ என்று ஒரு வரி இருக்கும். கையெழுத்திடப் போகும்போது யாரும் அதைப் படித்துக் காட்டுவதில்லை. வழக்கை நீங்கள் ஜெயிப்பீர்கள், வயல் அவர் கைகாட்டும் ஆளுக்குப் போய்விடும். துக்க வீட்டைத் தேடி வருகிற தரகர்கள் இதற்காகவே வருகிறார்கள். எழுதாத முத்திரைத்தாளிலும் வெற்று வக்காலத்திலும்கூட யார் கேட்டாலும் கையெழுத்திடாதீர்கள், என்னைப் போன்ற வக்கீல் கேட்டாலும்.

கடிதம், புகார் எல்லாவற்றுக்கும் முன்னால், குமாஸ்தா வீட்டுக்குக் கிளம்பிய பிறகு ஒரு மாலையில் அந்த மகனை நேரில் போய்ப் பாருங்கள். அவருக்கும் தகப்பன் போய் ஓர் ஆண்டுதான் ஆகிறது. 40,000 கேட்ட விஷயம் அவர் காதுக்கே வராமல் இருக்கலாம். அப்பாவின் இறப்புச் சான்றிதழில் இரண்டு நகலும் வழக்கு எண்ணும் கையில் இருக்கட்டும். இந்த வாரமே போங்கள்.