பாலைவனச் சோலையில் பல வருஷம் விவசாயம் செய்தால் மணல் மண் களிப்பாங்காகுமா? ஈசிஆர் (கிழக்குக் கடற்கரைச் சாலை) பக்க மணலுக்கும் அது பொருந்துமா?

ஆகும், ஆனால் உழவு அதைச் செய்வதில்லை. மண் நயம் என்பது மணல் (2 முதல் 0.05 மி.மீ.), வண்டல் (0.05 முதல் 0.002 மி.மீ.), களி (அதற்கும் கீழ்) ஆகிய மூன்றின் விகிதம். எத்தனை சால் ஓட்டினாலும் மணல் துகள் களியாகாது. நயம் மாற வேண்டுமானால் நுண்துகள் வெளியிலிருந்து வர வேண்டும், அல்லது இருப்பது வெளியேற வேண்டும்.

வருவது பெரும்பாலும் பாசன நீரில்தான். சீனாவின் சின்ஜியாங்கில், தக்லமக்கான் பாலைவன ஓரத்து ஹோத்தான் சோலைக்கு குன்லுன் மலையாறுகள் கலங்கலாகவே வருகின்றன. கணக்குப் போட்டுப் பாருங்கள்: லிட்டருக்கு 1 கிராம் நுண்மண், வருஷத்துக்கு 1 மீட்டர் உயரப் பாசனம் என்றால் ஏக்கருக்கு 4 டன். மேல் 15 செ.மீ. மண் ஏக்கருக்குச் சுமார் 900 டன். 50 வருஷத்தில் 200 டன் சேர்ந்தால் அது வேறு மண்தான். அதே சின்ஜியாங்கில் துர்ஃபானின் கரேஸ் சுரங்கக் கால்வாய்களில் ஓடுவது தெளிந்த நிலத்தடி நீர். எகிப்தின் சிவா சோலையில் ஊற்று நீர். அங்கெல்லாம் இந்தக் கணக்கு செல்லாது. அடுத்தது காற்று: வயலோர பாப்லர் மர வரிசை காற்றைத் தளர்த்துவதால் தூசு வயலில் படிகிறது. எருவோடு வண்டியில் அள்ளிக் கொட்டும் மண்ணும் சேர்த்தி. எரு மட்டும் போட்டால் மாறுவது கட்டமைப்பு (துகள்கள் ஒட்டித் திரளும் விதம்), நயமல்ல.

வெளியேற்றுவதும் காற்றே. அறுவடைக்குப் பின் உழுது வெறுமனே விட்ட நிலத்தில் வசந்தகாலக் காற்று வண்டலையும் களியையும் தூக்கிப் போய், கனமான மணலை விட்டுவிடும். அறுத்த பயிரின் தாளை நிற்கவிட்டால் இழப்பு வெகுவாகக் குறையும்.

வடிகால் இல்லாத இடத்தில் இன்னொரு சிக்கல். சோடியம் ஏறினால் களித்துகள்கள் பிரிந்து துளைகளை அடைக்கும். நீர் இறங்காது, மேலே பொருக்குக் கட்டும். பார்த்தால் களிமண் கூடியது போலிருக்கும், விகிதம் மாறியிருக்காது. இதற்கு மருந்து ஜிப்சமும் வடிகாலும். இன்னும் மணல் கொட்டுவது காசுக்குக் கேடு.

ஈசிஆர் மணலுக்கு ஏரி வண்டல் (ஏரியடியில் படிந்த மண்) போடுவதும் இதே வேலைதான், அவசரமாக. 40 சதவீதம் களியுள்ள வண்டல் என்றால், மேல் 15 செ.மீ.யில் களியை ஒரு சதவீதம் உயர்த்த ஏக்கருக்கு ஏறக்குறைய 25 டன். காயவைத்து உடைத்துக் கலக்காவிட்டால் கட்டி கட்டியாகவே கிடக்கும். சாக்கடை கலக்கும் ஏரி வண்டலானால் ஆய்வகத்தில் கொடுத்துப் பார்த்த பிறகே ஏற்றுங்கள்.

வீட்டிலேயே பார்க்க, நேரான கண்ணாடிப் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு சலித்த மண், நீர், ஒரு டீஸ்பூன் டிஷ்வாஷர் பவுடர் (பாத்திரம் கழுவும் மெஷினில் போடுவது) போட்டு 10 நிமிஷம் குலுக்கி வையுங்கள். 1 நிமிஷத்தில் மணல், 2 மணி நேரத்தில் வண்டல், ஓரிரு நாளில் களி படியும். ஒவ்வொன்றுக்கும் கோடு போடுங்கள். போர் தண்ணீர் வேண்டாம், ஆர்ஓ தண்ணீர் எடுங்கள். உப்பிருந்தால் களி திரண்டு வண்டலோடு சேர்ந்து இறங்கி, இருப்பதைவிடக் குறைவாகக் காட்டும். உவர் மண்ணென்றால் முதலில் இரண்டு மூன்று தடவை நீர் ஊற்றி, முழுதாகத் தெளியவிட்டு வடித்துவிடுங்கள்.