பதினாலு தரம் வாசித்த பாடம்

அன்புள்ள ஐயா,

நான் களுவாஞ்சிக்குடியில் முன்பள்ளி ஆசிரியை. மூத்த மகன் தரம் 11, இந்த முறை ஓ.எல். (சாதாரண தரப்) பரீட்சை எடுக்கிறான். படிக்காத பிள்ளை என்று சொல்ல முடியாது. பள்ளிக்கூடம் விட்டு வந்து சாப்பிட்டதும் ரியூசன். இரவு எட்டு மணிக்கு வந்தால் பதினொன்றரை வரை கொப்பியும் கையுமாக இருப்பான். விடிய நாலு மணிக்கு நானே எழுப்பித் தேத்தண்ணி கொடுப்பேன். அவனுடைய வரலாற்றுக் கொப்பியைத் திறந்தால் பக்கம் முழுக்க மஞ்சளும் பச்சையுமாக மார்க்கர் கோடுதான். அப்படியிருந்தும் தவணைப் பரீட்சையில் வரலாற்றுக்கு 43. கேட்டால், "எல்லாம் தெரியும் அம்மா, பேப்பரைக் கண்டதும் வருதில்ல" என்கிறான்.

விரல் ரேகையை ஸ்கேன் பண்ணி, பிள்ளை பார்த்துப் படிக்கிறவனா கேட்டுப் படிக்கிறவனா என்று சொல்லுகிற ஒருவர் எங்கள் பக்கம் வருகிறார். காசு கொஞ்சம் கூட. செய்து பார்க்கலாமா? வல்லாரை கொடுத்தால் ஞாபகசக்தி கூடும் என்று மாமி சொல்கிறா. பின்னேர வகுப்புகளில் எதையாவது நிறுத்தலாமா என்றும் யோசிக்கிறேன்.

ஒரு தாய், களுவாஞ்சிக்குடி

*

அன்புள்ள தங்கச்சி,

மகன் பொய் சொல்லவில்லை. கொப்பியைப் பார்க்கும்போது அவனுக்கு எல்லாம் தெரிந்ததுதான். மஞ்சள் கோடு போட்ட வரியைப் பத்தாவது முறை காணும்போது, "ஓ, இது எனக்குத் தெரியுமே" என்று மனம் சொல்லும். ஆனால் பரீட்சை மண்டபத்தில் மஞ்சள் கோடு இல்லை. வெள்ளைத்தாள்தான் இருக்கிறது. கண்டதை அடையாளம் காண்பது ஒரு வேலை, காணாததை உள்ளேயிருந்து இழுத்தெடுப்பது இன்னொரு வேலை. இரவு பதினொன்றரை வரை அவன் முதல் வேலையைத்தான் பழகிக்கொண்டிருக்கிறான்.

அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றைச் சொல்கிறேன். பல்கலைக்கழக மாணவர்களுக்குச் சூரியனைப் பற்றியும் கடல் நீர்நாயைப் பற்றியும் சிறிய பாடப் பகுதிகள் கொடுத்தார்கள். படிக்க நாலு தவணையாக நேரம் கொடுத்ததில், ஒரு குழு நாலு தவணையும் வாசித்துக்கொண்டே இருந்தது. சராசரியாக 14 தரம் வாசித்திருக்கிறார்கள். இன்னொரு குழு முதல் தவணையில் மட்டும் மூன்று நாலு தரம் வாசித்தது. மற்ற மூன்று தவணையும் பாடத்தைப் பார்க்காமல், ஞாபகம் வந்ததை வெறுந்தாளில் எழுதியது.

ஐந்து நிமிடத்தில் சோதித்தபோது 14 தரம் வாசித்தவர்கள்தான் முன்னே: 83 சதவீதம். மற்றவர்களுக்கு 71. ஒரு கிழமை கழித்துச் சோதித்தபோது கதை தலைகீழ். வாசித்தவர்களிடம் 40 சதவீதம்தான் மிஞ்சியது, எழுதிப் பார்த்தவர்களிடம் 61 இருந்தது. எனக்கு இந்த எண்களைவிட இன்னொன்றுதான் முக்கியமாகப் படுகிறது. ஒரு கிழமைக்குப் பிறகு எவ்வளவு ஞாபகம் இருக்கும் என்று முன்கூட்டியே கேட்டபோது, கூடுதலான நம்பிக்கையோடு பதில் சொன்னவர்கள் 14 தரம் வாசித்தவர்கள். அதாவது, உங்கள் மகன் சொல்கிற "எல்லாம் தெரியும்".

இது ஏதோ வெளிநாட்டுச் சங்கதி என்று நினைக்க வேண்டாம். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் கூத்துப் பழக்குவதைப் பார்த்திருப்பீர்கள். எழுத வாசிக்கத் தெரியாதவர்கள்கூட விடிய விடிய ஆடும் கூத்தில் தங்கள் பாட்டையெல்லாம் பிசகாமல் பாடியிருக்கிறார்கள். எப்படி? கூத்துப் பழக்கும் அண்ணாவியார் சட்டம், அதாவது அவரவர் பாடவேண்டிய பகுதியை எழுதிய ஏடு, கொடுப்பார். அதை வைத்துக்கொண்டு யாரும் வீட்டில் சும்மா வாசித்துக்கொண்டிருப்பதில்லை. கூத்துப் பழகும் களரிக்கு வந்து, எல்லாருக்கும் முன்னால், வாயைத் திறந்து பாட வேண்டும். தடுமாறினால் கொப்பி பார்ப்பவர் அடியெடுத்துக் கொடுப்பார். சதங்கை அணிந்த பிறகு கிழமைக்கு ஒரு தரம் ஆடும் கிழமைக் கூத்து. ஒரு கிழமை விட்டு வரும்போது கொஞ்சம் மறந்திருக்கும், அந்த மறதியோடேயே ஆடித் திருத்திக்கொள்வார்கள். மாதக்கணக்கில் இப்படிப் போய், அடுக்கு என்ற கடைசி ஒத்திகை பார்த்து, அதற்குப் பிறகுதான் அரங்கேற்றம். மறக்க விட்டு மீட்டெடுப்பது, பிழையை அந்த இடத்திலேயே திருத்துவது, இடைவெளி விட்டுப் பல நாட்களுக்குப் பகிர்வது, மூன்றும் அதில் இருக்கின்றன. அதே ஊர்களில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கும்போது இதை ஏன் கைவிட்டோம் என்று எனக்கு விளங்குவதில்லை.

இடைவெளி விடுவதைப் பற்றி ஜேர்மனியில் எபிங்ஹவுஸ் என்ற உளவியலாளர் 1885லேயே எழுதிவிட்டார். பொருளில்லாத அசைகளைத் தானே பாடமாக்கித் தன்னையே சோதித்த மனிதர் அவர். ஒரே நாளில் 68 தரம் சொல்லிக் கிடைத்த பலன், மூன்று நாளுக்குப் பிரித்துச் சொன்னபோது 38 தரத்திலேயே கிடைத்தது.

சரி, மகன் என்ன செய்யலாம்? வரலாற்றில் கோல்புறூக் சீர்திருத்தம் என்ற பாடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு தரம், கூடினால் இரண்டு தரம் நிதானமாக வாசிக்கட்டும். கொப்பியை மூடி உங்கள் கையில் தரட்டும். பிறகு ஒரு வெறுந்தாளில் 1833இல் என்ன நடந்தது, ஏன் நடந்தது, அதனால் என்ன மாறியது என்று எழுதட்டும். முதல் நாள் நாலு வரிதான் வரும். எரிச்சல்படுவான், "இதை விட வாசிச்சிருந்தா ரெண்டு பாடம் முடிச்சிருப்பன்" என்பான். விட்டுக்கொடுக்க வேண்டாம். எழுதி முடித்ததும் கொப்பியைத் திறந்து, விட்டதையும் பிழைத்ததையும் சிவப்புப் பேனையால் தானே திருத்த வேண்டும். திருத்தாமல் விட்டால் பிழையும் சேர்ந்து படிந்துவிடும். இரண்டு நாள் கழித்து அதே பாடம், பிறகு அடுத்த கிழமை, பிறகு அடுத்த மாதம். ஒவ்வொரு முறையும் வெறுந்தாளிலிருந்துதான் தொடக்கம். மார்க்கர் பேனைகளை வீட்டில் இளைய பிள்ளைகளுக்குப் படம் கீறக் கொடுத்துவிடலாம்.

கணிதத்துக்கு இதை அப்படியே கொண்டுபோகக் கூடாது. விளங்காத கணக்கை மூடிவைத்து யோசித்தால் ஒன்றும் வராது. செய்து காட்டிய கணக்குகளைப் படிப்படியாகப் பார்த்து விளங்கிக்கொள்வதுதான் தொடக்கத்தில் நல்லது. கை வந்த பிறகு பல அலகுகளின் கணக்குகளையும் கலந்து செய்ய வேண்டும். பரீட்சையில் எந்த அலகு என்று யாரும் தலைப்புப் போட்டுத் தரப்போவதில்லையே.

இனி, உங்களுக்குப் பிடிக்காத விஷயத்துக்கு வருகிறேன். அந்த விடியற்காலை நாலு மணி. பதினொன்றரைக்குப் படுத்து நாலுக்கு எழும்பினால் நாலரை மணித்தியாலம். 13 முதல் 18 வயதுப் பிள்ளைகளுக்கு 8 முதல் 10 மணித்தியாலம் வேண்டும் என்று அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் 2016இல் பரிந்துரைத்தது. நமது நாளோட்டத்தில் எட்டே கஷ்டம்தான், ஆனால் நாலரை என்பது அதில் பாதிக்குச் சற்று மேல்தான். பகலில் படித்தது மூளையில் ஹிப்போகேம்பஸ் என்ற பகுதியைத் தொட்டு நிற்கிறது. ஆழ்ந்த தூக்கத்தில்தான் அது மறுபடி மறுபடி மீட்டப்பட்டு நிலைபெறுகிறது. 1924இலேயே ஜென்கின்ஸ், டலன்பாக் என்ற இருவர் இதைச் சோதித்தார்கள். பத்து அசைகளைப் பாடமாக்கி 8 மணித்தியாலம் தூங்கி எழுந்தவர்களுக்கு ஐந்துக்கு மேல் ஞாபகம் இருந்தது. அதே நேரம் விழித்திருந்தபோது மிஞ்சியது ஒன்று. சோதிக்கப்பட்டவர்கள் இரண்டே பேர் என்றாலும், பிறகு வந்த ஆய்வுகளும் தூக்கத்தின் பக்கம்தான் நிற்கின்றன.

"வெள்ளனப் படுத்து வெள்ளன எழும்பு" என்று அவனை ஏசவும் வேண்டாம். பருவ வயதில், தூக்கத்துக்கு உடம்பைத் தயார்படுத்தும் மெலடோனின் என்ற ஹோர்மோன் சுரக்கும் நேரமே பிந்துகிறது. ஒன்பது மணிக்குத் தூக்கம் வராதது அவன் குழப்படி இல்லை, உடம்பின் வேலை. பத்தேகாலுக்குக் கொப்பியை வாங்கி வைத்துவிட்டு ஆறு மணிக்கு எழுப்புங்கள். பள்ளிக்கூடம் ஏழரைக்குத்தான், நேரம் போதும். எழும்பியதும் கால் மணித்தியாலம் முதல்நாள் பாடத்தை வெறுந்தாளில் எழுதிப் பார்க்கட்டும். நாலு மணிக்குத் தூங்கி வழிந்துகொண்டு வாசிப்பதைவிட அது மேல். தேத்தண்ணியோடு நிறுத்தாமல் ஏதாவது சாப்பிட்டுவிட்டுப் போக வேண்டும்.

விரல் ரேகைக்காரரிடம் போக வேண்டாம். ரேகையின் அமைப்பு தாய் வயிற்றில் நாலைந்து மாதத்துக்குள் முடிந்துவிடும் காரியம். பிள்ளை எப்படிப் படிப்பான் என்பதை அதில் வாசிக்க முடியாது. பார்த்துப் படிக்கிறவன், கேட்டுப் படிக்கிறவன் என்ற பிரிவுக்கே அடிப்படை பலவீனம். பாஷ்லர் உட்பட நான்கு உளவியலாளர்கள் 2008இல் அதுவரை வந்த ஆய்வுகளை அலசிப் பார்த்தார்கள். பிள்ளையின் வகை பார்த்து அதற்கேற்பக் கற்பித்தால் பலன் கூடும் என்று காட்டப் போதிய ஆதாரம் இல்லை என்பதே அவர்கள் முடிவு. ஒருத்தனுக்குப் படம் பிடிக்கும், ஒருத்தனுக்குப் பேச்சுப் பிடிக்கும் என்பது வேறு கதை. இலங்கைப் படத்தில் நகரம் குறிக்க எல்லாருமே படத்தைப் பார்க்கத்தான் வேண்டும்.

வல்லாரைச் சம்பல் நல்ல சாப்பாடு, மாமி அரைத்தால் கட்டாயம் சாப்பிடட்டும். ஞாபகசக்தியைக் கூட்டும் என்று நம்பும் அளவுக்கு ஆய்வு இல்லை.

வகுப்பு நிறுத்துவதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பின்னேரம் இரண்டு மணிக்குத் தகரக் கூரைக்குக் கீழே நடக்கும் வகுப்பு ஏதாவது இருந்தால் அதை முதலில் யோசியுங்கள். கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் அந்த வெக்கையில் என்ன ஏறும்? அமெரிக்காவில் ஒரே பரீட்சையை இரண்டு முறை எழுதிய ஒரு கோடிப் பிள்ளைகளின் புள்ளிகளை வைத்து 2020இல் ஓர் ஆய்வு வந்தது. குளிரூட்டி இல்லாத பள்ளிகளில், ஓர் ஆண்டின் சராசரி வெப்பம் அரை பாகை செல்சியஸ் அளவு கூடினாலே அந்த ஆண்டுப் படிப்பில் ஒரு சதவீதம் போல் குறைந்தது.

நோட்ஸ் சொல்லி எழுதவைப்பதோடு முடிகிற வகுப்பையும் விடலாம். பிள்ளை எழுதிய விடையைப் பார்த்துத் திருத்தித் தருகிற சேர் அல்லது டீச்சர் ஒருவர் இருந்தால், தூரமானாலும் அந்த வகுப்பை விட வேண்டாம். அப்படி யாரும் இல்லையென்றால் கடந்த கால வினாத்தாளும் பரீட்சைத் திணைக்களத்தின் புள்ளியிடும் திட்டமும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கிழமைக்கு ஒரு வினா எழுதட்டும், திருத்துவது நீங்கள். வரலாறு உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்றில்லை, திட்டத்தில் உள்ள குறிப்பு அவன் விடையில் இருக்கிறதா என்று பார்த்தால் போதும். அடுத்த தவணைப் பரீட்சைக்குப் பிறகு எழுதுங்கள்.