சுடோகு கேள்வி–பதில்: அடுத்த எண் எங்கே?

இடவலமாக ஓடுவதை வரிசை என்றும், மேலிருந்து கீழே இறங்குவதைப் பத்தி என்றும், ஒன்பது கட்டங்கள் சேர்ந்த 3×3 சதுரத்தைப் பெட்டி என்றும் இந்தப் பதில்களில் சொல்கிறோம். (2,1) என்றால் இரண்டாம் வரிசை, முதல் பத்தி. வரிசையை மேலிருந்தும் பத்தியை இடமிருந்தும் எண்ணிக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு வரிசையிலும் பத்தியிலும் பெட்டியிலும் 1 முதல் 9 வரை ஒரு முறைதான் வர வேண்டும் என்ற விதி தெரியும். ஆனாலும் நாலைந்து எண் போட்டதும் நின்றுவிடுகிறேன். எங்கிருந்து ஆரம்பிப்பது?
– வாசகி, விருதுநகர்

காலிக் கட்டத்தைப் பார்த்து ‘இதில் எந்த எண் வரும்?’ என்று மட்டும் கேட்டுக்கொண்டிருப்பதால்தான் பெரும்பாலோர் நின்றுபோகிறார்கள். ஆரம்பத்தில் ஒரு கட்டத்துக்கு நாலைந்து எண்கள் பொருந்தும். அந்தக் கேள்விக்குப் பதிலே வராது. கேள்வியைத் திருப்பிப் போடுங்கள்: ‘இந்தப் பெட்டியில் 5 எங்கே வரும்?’

ஓர் உதாரணம். (1,8)-இல் 5 இருக்கிறது, (3,5)-இல் ஒரு 5 இருக்கிறது. அப்படியானால் இடது மேல் பெட்டியில் முதல் வரிசைக்கும் மூன்றாம் வரிசைக்கும் 5 வர முடியாது. இரண்டாம் வரிசையின் மூன்று கட்டங்கள்தான் மிச்சம். அவற்றில் (2,2)-இல் ஏற்கெனவே 9 அச்சாகியிருக்கிறது. மூன்றாம் பத்தியில் கீழே (7,3)-இல் 5 இருப்பதால் (2,3)-உம் போயிற்று. ஆக (2,1)-இல் 5. அந்தக் கட்டத்தை மட்டும் பார்த்திருந்தால் 2, 5, 6, 8 என்று நாலு எண் பொருந்துவதுபோல் தெரிந்திருக்கலாம்.

புதிரில் அதிக இடங்களில் அச்சாகியிருக்கும் எண்ணிலிருந்து தொடங்குங்கள். ஒரு எண்ணைப் போட்டவுடன் அடுத்த எண்ணுக்குத் தாவாமல், இப்போது போட்ட எண் வேறு எந்தப் பெட்டியை நெருக்குகிறது என்று பாருங்கள். ஒரு வரிசையிலோ பெட்டியிலோ இரண்டு மூன்று கட்டங்களே காலி என்ற நிலை வந்ததும் ‘இந்தக் கட்டத்தில் எது?’ என்ற பழைய கேள்விக்குத் திரும்பலாம். இரண்டு கேள்விகளையும் மாற்றி மாற்றிக் கேட்கத் தெரிந்தாலே நாளிதழ்களில் ‘எளிது’ என்று வரும் புதிர்கள் எல்லாம் முடிந்துவிடும்.

எனக்குக் கணக்கு வராது. சுடோகு கற்றுக்கொள்ள முடியுமா?
– வாசகர், ஆம்பூர்

தாராளமாக. கூட்டல், பெருக்கல் எதுவும் இதில் கிடையாது. 1 முதல் 9-க்குப் பதில் ஒன்பது எழுத்துகளைப் போட்டாலும் புதிர் அதேதான். தேவைப்படுவது, ‘இது இங்கே வராது, ஏனென்றால்...’ என்று காரணம் சொல்லத் தெரிவது மட்டுமே.

பென்சிலால் சின்னச் சின்ன எண்களை எல்லாக் கட்டங்களிலும் எழுதி வைக்கிறேன். பத்து நிமிடத்தில் ஒன்றும் புரியாத கிறுக்கலாகிவிடுகிறது. எவ்வளவு எழுத வேண்டும்?
– வாசகி, மயிலாடுதுறை

ஆரம்பத்திலேயே எல்லாவற்றையும் எழுதுவதுதான் சிக்கல். முதல் சுற்றில் ஒரே ஒரு வகைக் குறிப்புப் போதும்: ஒரு பெட்டிக்குள் ஒரு எண் சரியாக இரண்டே கட்டங்களில் வர முடியும் என்றால், அந்த இரண்டின் மூலையிலும் அதைச் சிறிதாக எழுதுங்கள். மூன்று இடங்கள் இருந்தால் எழுத வேண்டாம். பின்னால் அந்த இரண்டில் ஒன்று அடிபட்டால் மற்றது உடனே உறுதியாகிவிடும். போட்டிகளில் ஆடுபவர்கள் பலரும் பின்பற்றும் இந்த முறை, அமெரிக்க சாம்பியன் தாமஸ் ஸ்னைடர் பெயரால் வழங்குகிறது.

இதில் இன்னொரு ஆதாயமும் உண்டு. ஒரே பெட்டியில் 2-உம் 7-உம் அதே இரண்டு கட்டங்களில் குறிக்கப்பட்டிருந்தால், அந்தக் கட்டங்கள் அந்த இரண்டு எண்களுக்கே சொந்தம். வேறெதுவும் அங்கே நுழைய முடியாது. ஜோடியைத் தேடாமலே கண்டுபிடித்துவிட்டீர்கள்.

இந்த முறையில் இனி நகராது என்ற பிறகுதான் மிச்சக் கட்டங்களுக்கு முழுக் குறிப்பு. அப்போது இடத்தை நிலையாக வைத்துக்கொள்ளுங்கள்: செல்போன் எண் பலகையில் இருப்பதுபோல 1 இடது மேல் மூலை, 5 நடு, 9 வலது கீழ் மூலை. எண்ணைப் படிக்காமலே, குறிப்பு இருக்கும் இடத்தை வைத்து எந்த எண் என்று கண்ணுக்குத் தெரியும். நாளிதழ்த் தாள் ரப்பருக்குத் தாங்காது. அழிப்பதைவிட ஒரு மெல்லிய கோடு போட்டு அடிப்பது நல்லது.

‘நடுத்தரம்’ என்று போட்ட புதிர்களில் பாதியில் அடைத்துக்கொள்கிறது. அடுத்து என்ன கற்க வேண்டும்?
– வாசகர், தூத்துக்குடி

இரண்டு உத்திகள்: ஜோடி, பூட்டு. நடுத்தரப் புதிர்களில் கதவைத் திறப்பவை பெரும்பாலும் இவைதான்.

முதலில் ஜோடி. நான்காம் வரிசையில் 2, 4, 7, 9 பாக்கி என்று வைத்துக்கொள்வோம். காலியாக இருப்பவை (4,1), (4,3), (4,6), (4,8). இவற்றில் (4,3)-க்கும் (4,8)-க்கும் 4 அல்லது 9 மட்டுமே பொருந்துகிறது. எது எங்கே என்று இப்போதைக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். அந்த இரண்டு கட்டங்களும் 4-ஐயும் 9-ஐயும் பங்கிட்டுக்கொள்ளும் என்பது மட்டும் நிச்சயம். (4,1)-இல் 2, 4, 7 என்றும் (4,6)-இல் 2, 4, 9 என்றும் குறித்திருந்தால், 4-ஐயும் 9-ஐயும் அங்கிருந்து அடித்துவிடலாம். (4,6)-இல் 2 மட்டும் நிற்கிறது. அதனால் (4,1)-இல் 7. ஆப்களில் ‘நேக்கட் பேர்’ என்று வருவது இதுதான்.

இதற்கு மறுபக்கம் மறைந்த ஜோடி. ஒரு பெட்டியில் 3-உம் 8-உம் இரண்டே கட்டங்களில்தான் வர முடியும். ஆனால் அவற்றில் 1, 3, 6, 8 என்றும் 3, 5, 8 என்றும் கூட்டமாக எழுதியிருக்கிறது. அந்த 1, 6, 5 எல்லாவற்றையும் தயங்காமல் அடியுங்கள். பலர் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள், ஏனென்றால் கூட்டத்துக்குள் ஜோடி கண்ணில் படுவதில்லை. ‘3 எங்கே வரும்?’ என்று எண்ணைப் பிடித்துக்கொண்டு தேடினால்தான் படும்.

பூட்டு இன்னும் எளிது. நடுப்பெட்டியில் 6 வரக்கூடிய இடங்கள் (5,4), (5,6) இரண்டு மட்டுமே. இரண்டும் ஐந்தாம் வரிசை. அந்த வரிசையின் 6 நடுப்பெட்டிக்குள் பூட்டப்பட்டுவிட்டது. (5,1), (5,9) போன்ற வெளிக்கட்டங்களில் 6 குறித்திருந்தால் நீக்குங்கள். இதைத் திருப்பியும் பாருங்கள்: எட்டாம் வரிசையில் 1 வரக்கூடிய இடங்கள் (8,7), (8,9) மட்டும் என்றால், வலது கீழ்ப் பெட்டியின் மற்றக் கட்டங்களில் 1 கிடையாது.

எல்லாம் சரியாகப் போய், கடைசி நாலு கட்டத்தில் ஒரே பத்தியில் இரண்டு 7 வந்து நிற்கிறது. எங்கே தப்பு என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
– வாசகி, காரைக்குடி

முரண்பாடு கடைசியில் தெரிந்தாலும் தவறு அங்கே நடந்ததில்லை. பெரும்பாலும் இருபது எண்களுக்கு முன்னால் நடந்திருக்கும். அதன்மேல் நியாயமாகவே யோசித்துப் போட்ட எண்களும் தப்பாகியிருக்கும். அதனால் கடைசி இரண்டு 7-களை மட்டும் இடம் மாற்றிப் பார்ப்பதில் பயனில்லை.

வழக்கமான காரணங்கள் மூன்று. வரிசையையும் பத்தியையும் பார்த்துவிட்டுப் பெட்டியைப் பார்க்க மறப்பது முதலாவது. ஓர் எண்ணைப் போட்ட பிறகு அதே வரிசை, பத்தி, பெட்டியில் இருந்த சிறு குறிப்புகளை அடிக்காமல் விடுவது இரண்டாவது. மூன்றாவதுதான் கொடுமை: எல்லாக் குறிப்பும் எழுதாத கட்டத்தை, எழுதியதுபோல் நினைத்துக்கொள்வது. ‘இங்கே 2, 8 இரண்டுதான்’ என்று தோன்றும். 6-ஐ யோசிக்கவே இல்லை என்பது மறந்திருக்கும்.

பின்பக்க விடையை எடுத்து, நீங்கள் போட்ட எண்களில் எவை மாறுகின்றன என்று மட்டும் பாருங்கள். மாறுபடும் எண்களில் நீங்கள் முதலில் போட்டது எது என்று நினைவிருந்தால், அங்கே எந்தக் காரணத்தை நம்பினீர்கள் என்று யோசியுங்கள். அச்சான எண்களை வைத்துக்கொண்டு மீண்டும் தொடங்குவதுதான், பாதியை அழித்து ஒட்டுப்போடுவதைவிட வேகமாக முடியும்.

கடினமான புதிரில் ஊகித்துப் போடுவது தப்பா? குறைவான எண் கொடுத்தால் கடினம் என்கிறார்களே?
– வாசகர், திருவண்ணாமலை

முறையான புதிருக்கு விடை ஒன்றே ஒன்று. ஊகித்துப் போட்டு அது முடிந்துவிட்டால் விடை சரிதான். ஆனால் ஏன் சரி என்று தெரியாது, அடுத்த புதிரிலும் அதே இடத்தில் நிற்பீர்கள். ஊகிக்க வேண்டிய கட்டாயம் நாளிதழ்ப் புதிர்களில் அநேகமாக வருவதில்லை. அப்படியே முயன்றாலும் இரண்டு எண்கள் மட்டும் பொருந்தும் கட்டத்தைத் தேர்ந்து, புதிரை இன்னொரு தாளில் படி எடுத்துக்கொண்டு முயலுங்கள்.

கொடுக்கும் எண்ணிக்கைக்கும் கடினத்துக்கும் நேரான தொடர்பில்லை. 17 எண்கள் மட்டும் கொடுத்தும் எளிய உத்திகளால் முடியும் புதிர்கள் பல உண்டு. 25-க்கு மேல் கொடுத்தும் திணறடிப்பவை உண்டு. எந்த உத்தி தேவைப்படுகிறது என்பதுதான் கடினத்தைத் தீர்மானிக்கிறது. 17-க்குக் குறைவாகக் கொடுத்தால் ஒரே விடை அமையாது என்பதை டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரியின் கேரி மெக்வயரின் குழு 2012-இல் கணினி கொண்டு நிறுவியது.

இதே வழியில் நீங்களே சரிபார்க்கக்கூடிய ஒன்று: அச்சான எண்களில் 1 முதல் 9-க்குள் குறைந்தது எட்டு வெவ்வேறு எண்கள் இருக்க வேண்டும். 4-உம் 6-உம் எங்குமே கொடுக்கப்படவில்லை என்று வையுங்கள். ஒரு விடை கிடைத்தால், அதில் 4-களை எல்லாம் 6 ஆக்கி, 6-களை 4 ஆக்கினால் அதுவும் விடையாகும்.

சுடோகு ஜப்பானியப் பழம்பெரும் விளையாட்டா?
– மாணவர், வேலூர்

இல்லை. இன்றைய வடிவம் 1979-இல் அமெரிக்காவின் டெல் புதிர் இதழில் ‘நம்பர் பிளேஸ்’ என்ற பெயரில் வந்தது. ஓய்வுபெற்ற கட்டடக் கலைஞர் ஹோவர்ட் கார்ன்ஸ் அமைத்தது என்று கருதப்படுகிறது. ஜப்பானின் நிகோலி நிறுவனம் 1984-இல் அதை எடுத்துப் புதுப் பெயரிட்டது. 2004 நவம்பரில், ஹாங்காங்கில் நீதிபதியாக இருந்து ஓய்வுபெற்ற வெய்ன் கவுல்ட் வழியாக லண்டன் ‘டைம்ஸ்’ இதழுக்கு வந்தது, பிறகு உலகெங்கும் பரவியது. உலகப் போட்டி 2006-இல் இத்தாலியின் லூக்கா நகரில் தொடங்கியது. 2008-இல் கோவாவிலும் 2017-இல் பெங்களூரிலும் நடந்தது.

ஏழு வயதுப் பேத்திக்கு எப்படிச் சொல்லித் தருவது?
– வாசகர், பொள்ளாச்சி

நேராக 9×9-இல் இறக்காதீர்கள். 1 முதல் 4 வரை மட்டும் வரும் 4×4 புதிரில் தொடங்குங்கள், பெட்டி 2×2. இதோ ஒன்று:

1 – – 4
– – 1 –
2 – – –
– 3 – –

முதல் வரிசையில் 2, 3 பாக்கி. இரண்டாம் பத்தியில் கீழே 3 இருக்கிறது. ஆகவே (1,2)-இல் 2, (1,3)-இல் 3. இனி வலது மேல் பெட்டியில் ஒரே கட்டம்தான் காலி. மிச்சத்தைக் குழந்தையே முடிக்கட்டும். ஒவ்வொரு எண்ணுக்கும் ‘ஏன்?’ என்று கேளுங்கள், பதில் சொன்ன பிறகு எழுதட்டும். பத்துப் பதினைந்து புதிர் ஆனதும் 6×6; அதில் பெட்டி இரண்டு வரிசை, மூன்று பத்தி.

‘எக்ஸ்-விங்’ என்றால் என்ன? எப்போது தேட வேண்டும்?
– வாசகர், கும்பகோணம்

ஜோடியும் பூட்டும் தீர்ந்த பிறகு, ஒரே ஓர் எண்ணை மட்டும் பிடித்துக்கொண்டு தேடுவது. 4-ஐ எடுங்கள். இரண்டாம் வரிசையில் 4 வர முடிவது (2,3), (2,7) இரண்டில் மட்டும். எட்டாம் வரிசையிலும் அதே பத்திகள்: (8,3), (8,7). மேலே மூன்றாம் பத்தியில் 4 வந்தால் கீழே ஏழாம் பத்தியில் வரும்; மேலே ஏழாம் பத்தி என்றால் கீழே மூன்றாம் பத்தி. எப்படியானாலும் அந்த இரண்டு பத்திகளின் 4-கள் இந்த நான்கு கட்டங்களுக்குள் அடங்கிவிட்டன. மூன்றாம் பத்தியிலும் ஏழாம் பத்தியிலும் உள்ள மற்றக் கட்டங்களிலிருந்து 4-ஐ நீக்கலாம்.

வரிசையில் ஆரம்பித்தால் பத்தியில் நீக்க வேண்டும், பத்தியில் ஆரம்பித்தால் வரிசையில். அந்த வரிசையில் மூன்றாவதாக ஓர் இடத்திலும் 4 வரலாம் என்பதைக் கவனிக்காமல் விட்டால் எல்லாம் கவிழும். அதனால் முழுக் குறிப்பு எழுதாமல் எக்ஸ்-விங் தேடாதீர்கள்.

விடை ஒன்றுதான் என்பதையே ஓர் உத்தியாக வைத்து எண் போடலாம் என்று நண்பர் சொல்கிறார். சரியா?
– வாசகி, ஈரோடு

சரிதான். (1,2), (1,5), (3,2) மூன்றிலும் 3, 8 மட்டும்; (3,5)-இல் 3, 5, 8. நாலாவதிலும் 3 அல்லது 8 வந்தால், நான்கு கட்டங்களிலும் இரண்டு எண்களை இடம் மாற்றி இரண்டு விடை எழுதலாம். ஒரே விடைப் புதிரில் அது நடக்காது. ஆகவே (3,5)-இல் 5.

நான்கு கட்டங்களும் இரண்டு வரிசை, இரண்டு பத்தி, சரியாக இரண்டு பெட்டிகளுக்குள் இருக்க வேண்டும். நான்கு பெட்டிகளில் பரவியிருந்தால் இந்த வாதம் செல்லாது, ஏனென்றால் இடம் மாற்றும்போது பெட்டிகள் கெட்டுவிடும். அச்சான எண் ஒன்றுகூட அந்த நான்கில் இருக்கக் கூடாது. புதிருக்கு ஒரே விடைதான் என்று உறுதியாகத் தெரியாத இடங்களில், உதாரணமாக யாரோ கையால் அமைத்துச் சரிபார்க்காத புதிரில், இதைப் பயன்படுத்த வேண்டாம்.