தங்கச்சியின் ஆர்மோனியமும் உமது இடது கையும்

கேள்வி: அன்புள்ள ரீச்சர், எனக்கு 24 வயது. மாங்குளம் பக்கம் ஒரு கிராமம். கனடாவில் இருக்கிற மாமா மூன்று வருடத்துக்கு முன் 61 கட்டைக் கீபோட் ஒன்று அனுப்பினார். அன்றிலிருந்து தினமும் இரவு இரண்டு மணித்தியாலம் ஹெட்போன் போட்டுக்கொண்டு ஹானோன் விரல் பயிற்சிகள் செய்கிறேன். வேகம் வந்துவிட்டது. எனக்குப் பிடித்தது ஐரோப்பாவின் பழைய பரோக் இசை. யூடியூப்பில் சிலர் தாளைப் பார்க்காமல், அந்தக் காலத்து முறையிலேயே, இருந்த இடத்தில் புதிதாகக் கட்டி வாசிக்கிறார்கள். நான் முயன்றால் வலது கை ஓடுகிறது, இடது கை ஒரே கோட்டை (chord, சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டத்தை) பிடித்துக்கொண்டு நிற்கிறது. நாலு வரிக்கு மேல் போகவில்லை. வீட்டில் இதைப் பற்றிப் பேச யாரும் இல்லை. தங்கச்சி (சாதாரண தரம் படிக்கிறாள்) ஞாயிறு பூசைக்குக் கோயில் ஆர்மோனியம் வாசிக்கிறாள்தான். ஆனால் ஒற்றைக் கையால், மெட்டை மட்டும். பக்கத்தில் நின்று கேட்டால் எரிச்சல் வரும் என்று நான் பின்வாங்கில் இருந்துவிடுவேன். பரோக் முறையில் மனோதர்மமாக வாசிக்க எந்த விரல் பயிற்சிகளைச் செய்ய வேண்டும்?
– பெயர் வேண்டாம், மாங்குளம்

பதில்: தம்பி, விரல் ஓடுகிறது, இசை வரவில்லை என்று எழுதுகிற முதல் ஆள் நீர் இல்லை. கிளிநொச்சியிலிருந்தும் வரும், புதுக்குடியிருப்பிலிருந்தும் வரும். எல்லோரும் இன்னொரு பயிற்சியைத்தான் கேட்பார்கள். பயிற்சி சொல்கிறேன். அதற்கு முதல் நீர் போகிற போக்கில் எழுதிவிட்டுப் போன ஒரு வரியைப் பற்றிப் பேச வேண்டும்.

‘ஒற்றைக் கையால், மெட்டை மட்டும்.’

அவளுடைய மற்றக் கை எங்கே இருக்கிறது என்று ஒருநாளாவது பார்த்தீரா? துருத்தியில் இருக்கிறது. காற்றுக் கொடுக்காமல் ஆர்மோனியம் பாடாது. பரோக் காலத்துப் பெரிய ஜெர்மன் இசைக்காரர் பாக் வாசித்த பெரிய குழாய் ஓகன்களுக்கும் பின்னால் ஆட்கள் நின்று துருத்தி மிதித்தார்கள், வாசிக்கிறவருக்கு இரண்டு கையும் இரண்டு காலும் மிச்சம் இருந்தன. உம்முடைய தங்கச்சிக்கு அப்படி யாரும் இல்லை. ஒரு கையால் காற்றுக் கொடுத்து, மற்றக் கையால் மெட்டைப் பிடித்து, ஒரு கோயில் சனத்தையே பாட வைக்கிறாள், அதுவும் சோதனை வருடத்தில். இரண்டு கையும் சும்மா இருக்கிற தமையன் பின்வாங்கில் இருந்துகொண்டு எரிச்சல்படுகிறார். எனக்கு இது பொறுக்கவில்லை.

‘வீட்டில் பேச யாரும் இல்லை’ என்றும் எழுதியிருக்கிறீர். அதே வீட்டில், கிழமைக்கு ஒருமுறை ஊருக்கு முன்னால் இருந்து வாசிக்கிற ஒரு பிள்ளை இருக்கிறது. அவள் எப்போது பயிற்சி செய்கிறாள்? எதில் செய்கிறாள்? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. கீபோட் இரவில் உம்மிடம். ஆர்மோனியம் கோயிலில் பூட்டி இருக்கும். மாமா அந்தக் கீபோட்டை ஒரு வீட்டுக்கு அனுப்பினார் என்றுதான் நான் நினைக்கிறேன். மூத்தவன் என்றால் முதலில் எடுத்துக்கொள்கிறவன் என்று அர்த்தமில்லை.

இது குடும்பக் கதை, நான் கேட்டது இசை என்று நீர் நினைக்கலாம். நீர் கேட்ட கேள்விக்குப் பதிலே இதுதான். பரோக் காலம் என்று நாம் சொல்வது ஏறத்தாழ 1600 முதல் 1750 வரை. அந்தக் காலத்தில் கீபோட் வாசித்தவர்களுடைய அன்றாட வேலை பக்கவாத்தியம். பாடகர் பாடுவார், வயலின் வாசிப்பார், கீபோட்காரருக்கு முன்னால் இருந்தது அடிக்குரல் (bass, ஆகக் கீழே ஒலிக்கும் குரல்) வரி ஒன்றும் அதற்கு மேலே சில இலக்கங்களும் மட்டும். 6 என்றால் ஒரு கோட், 7 என்றால் இன்னொன்று. மிச்சத்தை அந்த இடத்திலேயே அவர் வலது கையால் நிரப்ப வேண்டும். நீர் யூடியூப்பில் பார்த்து வியக்கிற திறமை, மற்றவர் பாட்டுக்குத் தோள்கொடுத்துத் தோள்கொடுத்து வந்தது. தனியாக ஹெட்போனுக்குள் இருந்து வந்ததில்லை.

பாக்கின் மகன் கார்ல் பிலிப் எமானுவேல், கீபோட் வாசிக்கும் முறை பற்றி இரண்டு பாகங்களில் ஒரு நூல் எழுதினார். 1753இல் வந்த முதல் பாகத்தில் விரல் வைப்பும் அலங்காரங்களும் இருக்கின்றன. 1762இல் வந்த இரண்டாம் பாகம் ஏறத்தாழ முழுக்கப் பக்கவாத்தியம். சுயமாகக் கற்பனை செய்து வாசிப்பது அதன் கடைசி அத்தியாயத்தில்தான் வருகிறது. மற்றவருக்கு வாசிக்கப் பழகிய பிறகு வருகிற அத்தியாயம் அது. நீர் நேரே அந்த அத்தியாயத்தைத் திறந்துகொண்டு இருக்கிறீர். தகப்பன் பாக் பிள்ளைகளுக்கு எப்படிப் படிப்பித்தார் என்றும் அதே மகன் ஒரு கடிதத்தில் சொல்லியிருக்கிறார்: முதலில் இலக்கம் போட்ட அடிக்குரலுக்கு நாலு குரல் எழுதுவது, அப்புறம் கோயில் பாட்டுகள். பாட்டின் மெட்டுக்கு முதலில் பாக் அடிக்குரல் போட்டுக் கொடுப்பார், நடுவில் வரும் இரண்டு குரல்களைப் பிள்ளைகள் கட்ட வேண்டும். பிறகு அடிக்குரலையும் அவர்களே கட்ட வேண்டும். கோயில் பாட்டு, தம்பி. உம்முடைய தங்கச்சி ஒற்றைக் கையால் வாசிக்கிற அதே வகைச் சாமான்.

இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரத்தையும் சொல்ல வேண்டும். அங்கே நாலு பெரிய இசைப் பள்ளிகள் இருந்தன. நாலும் தாய் தகப்பன் இல்லாத, கைவிடப்பட்ட பிள்ளைகளுக்கான இல்லங்களாகத் தொடங்கியவை, பழையது 1537இல். அந்தப் பிள்ளைகள் கோயில்களிலும் ஊர்வலங்களிலும் செத்தவீடுகளிலும் பாடி இல்லத்துக்கு உழைத்துக் கொடுத்தார்கள். வகுப்பில் ஒற்றை அடிக்குரல் வரியை வைத்துக்கொண்டு முழு இசையையும் கட்டப் பழகினார்கள். பிழைக்க ஒரு தொழிலாகத்தான் இது அவர்கள் கையில் கொடுக்கப்பட்டது. போருக்குப் பிறகு எத்தனை பிள்ளைகள் இல்லங்களில் வளர்ந்தார்கள் என்று வன்னியில் இருக்கிற நமக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. அதனால்தான் இந்த இசையை ஒருவருக்கும் கேட்காமல் வாசிக்கிற அழகுச் சாமானாக வைத்திருப்பதைப் பார்க்க எனக்கு மனம் பொறுக்கவில்லை.

ஹானோனுக்கு வருவோம். அந்த 60 பயிற்சிகள் 1873இல் வந்தவை. பாக் 1750இலேயே இறந்துவிட்டார். ஐந்து விரலையும் ஒரே பலமாக்குவது ஹானோனின் நோக்கம். பரோக் கையோ பலமான சுரம், மெலிந்த சுரம் என்று மாறி மாறி நடக்கும். 1720இல் ஒன்பது வயது மகனுக்காகத் தொடங்கிய கொப்பியில் பாக் எழுதிக் கொடுத்த சின்ன விரல் பாடத்தைப் பாரும், வலது கை மேலே ஏறும்போது 3, 4, 3, 4 என்று நடுவிரலும் மோதிர விரலுமே மாறி மாறிப் போகும். ஹானோனை முழுக்க விடச் சொல்லவில்லை. கால் மணித்தியாலமாகக் குறைத்துக்கொள்ளும், போதும்.

இப்போது உமது இடது கை. அது ஒரே கோட்டில் நிற்பதற்குக் காரணம் விரல் இல்லை. அடுத்து எங்கே போவது என்று அதற்குத் தெரியாது. சுருதி சேராமல் ஆலாபனை தொடங்கியது போல வலது கை மட்டும் தனியே சுற்றுகிறது. ஆகவே முடிவிலிருந்து தொடங்கும். நேப்பிள்ஸ்காரரும் முடிப்பைத்தான் முதலில் படிப்பித்தார்கள். சி மேஜரில் இடது கை எஃப், ஜி, ஜி, சி. முதல் ஜியின் மேல் வலது கையில் சி சுரத்தைப் பிடித்து வையும், இரண்டாவது ஜி வரும்போது அதை பி சுரத்துக்கு இறக்கும், பிறகு இரண்டு கையும் சிக்கு வரட்டும். அந்தச் சி ஒரு நொடி உரசி, பிறகு இறங்குகிறதே, பரோக்கின் பாதி உயிர் அதில்தான். எல்லா ஸ்கேலிலும் இதைக் கண்ணை மூடிக்கொண்டு முடிக்கத் தெரிய வேண்டும். முடிக்கத் தெரிந்தவன் நாலு வரியில் மாட்டிக்கொள்ள மாட்டான்.

அடுத்தது எட்டுச் சுர விதி. இடது கை வெறும் ஸ்கேலை ஏறி இறங்க, ஒவ்வொரு சுரத்துக்கும் அதற்குரிய கோட்டை வலது கை கொடுக்க வேண்டும். ஏறும்போது: சியின் மேல் ஈ, ஜி, சி. டியின் மேல் எஃப், ஜி, பி. ஈயின் மேல் ஜி, சி. எஃப்பின் மேல் ஏ, சி, டி. ஜியின் மேல் பி, டி, ஜி. ஏயின் மேல் சி, எஃப். பியின் மேல் டி, எஃப், ஜி. பிறகு சி. இறங்கும்போது மாறும்: பியின் மேல் டி, ஜி. ஏயின் மேல் சி, டி, எஃப் ஷார்ப். ஜியின் மேல் பி, டி. எஃப்பின் மேல் ஜி, பி, டி. ஈயிலும் டியிலும் ஏறும்போது வந்த அதே கோட்டுகள். அந்த எஃப் ஷார்ப் வருகிற இடத்தைக் கவனியும், அங்கே காது நிமிரும். மனப்பாடமாகும் வரைக்கும் இதை அரைக்க வேண்டும். இது அலுப்பான வேலைதான், மாதக்கணக்கில் போகும், வேறு வழி இல்லை.

மூன்றாவது, நீர் தேடுகிற உண்மையான விரல் பயிற்சி. இடது கை ஏ, ஜி, எஃப், ஈ என்று மெதுவாக இறங்கட்டும். வலது கை ஒவ்வொரு தடவையும் ஒரு அடி பிந்தி இறங்கட்டும். ஏயின் மேல் ஜியைப் பிடித்து எஃப்புக்கு இறக்கும். ஜி வரும்போது அந்த எஃப்பையே பிடித்திருந்து ஈக்கு இறக்கும். எஃப்பின் மேல் ஈ, பிறகு டி. ஈயின் மேல் டி, பிறகு சி. இடது கைச் சுரத்தை ஒன்றாக வைத்து எண்ணினால் ஏழாவது சுரம் ஆறாவதுக்கு இறங்குகிறது, இலக்கத்தில் இதை 7–6 என்பார்கள். கை சரளமானதும் அதே வலது கையில் நடுவில் இன்னொரு சுரத்தை அசையாமல் பிடித்து வைத்துக்கொண்டு செய்யும். ஒரு விரல் நிற்க, மற்ற விரல் நடக்கும். இந்தச் சுதந்திரத்தை ஹானோன் தராது, அங்கே விரல்கள் எல்லாம் ஒன்றாகத்தான் ஓடுகின்றன.

அலங்காரம் கடைசியில். இடது கைச் சுரம் ஒன்றுக்கு வலது கையில் முதலில் ஒரு சுரம், பிறகு இரண்டு, பிறகு நாலு. 1706இல் நீட் என்பவர் எழுதிய நூல், ஒரே அடிக்குரலை வைத்து முழு நடன வரிசையையே கட்டிக் காட்டுகிறது. உமக்கு இப்போதைக்கு பாகெல்பெல் என்ற பரோக் இசைக்காரரின் கானன் போதும். அடிக்குரல் எட்டே சுரம், 28 தடவை திரும்பத் திரும்ப வருகிறது, மேலே எத்தனை விதமாகப் பூக்கிறது என்று கேளும்.

இவ்வளவையும் எங்கே செய்வது? பகலில் முதல் அரை மணித்தியாலம் கீபோட் தங்கச்சிக்கு. அவள் படித்து முடிந்த பிறகு உமக்கு. ஹெட்போனைக் கழற்றிவிடும், அம்மா அப்பா கேட்கட்டும், பிழை வந்தாலும் கேட்கட்டும். ஞாயிறு பாட்டின் மெட்டை அவள் வாசிக்க, நீர் அடிக்குரலைத் தேட வேண்டும். கீபோட்டில் தேடுவதற்கு முதல் வாயால் பாடித் தேடும். மெட்டு ஏறினால் அடிக்குரலை இறக்கிப் பாரும், அநேகமாக நன்றாக வரும். அவளுக்கு இல்லாதது இடது கை. உமக்கு இல்லாதது, இடது கைக்கு ஒரு வேலை. இதைக் காண மூன்று வருடமாக நீர் ஒரு வாங்கு தள்ளிப் போகவில்லை.

அவளுக்குப் படிப்பிக்கப் போகிறேன் என்று போக வேண்டாம். எந்த வரியில் சனம் மூச்சு எடுக்கிறது, எந்த வயதான அம்மா எங்கே இழுப்பார், பாதர் எப்போது பாட்டை நிறுத்தச் சொல்லிக் கண் காட்டுவார் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். அது உமக்குத் தெரியாது. அவளைக் கேட்டுப் பழகும்.

கோயிலில் வாசிக்கும்போது அடக்கமும் வேண்டும். 1706இல் ஜெர்மனியின் ஆர்ன்ஸ்டாட் நகரத்தில், பாக்கைக் கூப்பிட்டு விசாரித்தார்கள், கோயில் பாட்டுக்குள் விசித்திரமான மாற்றங்களையும் சேராத சுரங்களையும் கலந்து சபையைக் குழப்புகிறார் என்று. அவருக்கு அப்போது இருபதோ இருபத்தொன்றோதான். பாட வந்த சனத்தைப் பாடவிடாமல் பண்ணுகிற வாசிப்பு யாருடையதாக இருந்தாலும் பிழை என்பது என் எண்ணம். முதல் மாதம் வெறும் அடிக்குரலும் மெல்லிய கோட்டும் மட்டும். பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில், காணிக்கை எடுக்கும் நேரத்தில், உமது கற்பனைக்கு இடம் கிடைக்கும். 7–6ஐ அங்கே வைத்துக்கொள்ளும்.

ஆர்மோனியத்தின் சுருதி கீபோட்டோடு சேராமல் இருக்கலாம். அதைச் சாட்டாகச் சொல்லிக்கொண்டு வர வேண்டாம். கீபோட்டில் டியூனிங் என்றும் ட்ரான்ஸ்போஸ் என்றும் இரண்டு வசதிகள் இருக்கும், தேடி எடும். லைப்சிக்கில் பாக்கின் ஓகன் மற்ற வாத்தியங்களைவிட ஏறத்தாழ ஒரு சுரம் மேலே நின்றது. ஓகன்காரருக்கு மட்டும் ஒரு சுரம் இறக்கி எழுதிக் கொடுத்தார்கள், வாசித்தார்கள். கரண்ட் நின்றால் என்ன செய்வது என்றும் கேட்பீர். பற்றறி போடும் இடம் கீபோட்டின் அடியில் இருக்கிறதா என்று திருப்பிப் பாரும்.

தவக்காலத்தில் தொடங்குவது நல்லது, பாட்டுகள் மெதுவாகப் போகும், பிடித்து இறக்க நேரம் இருக்கும். பாடகர்களை நடத்துகிறவரிடம் இரண்டு கிழமைக்கு முதலே மூன்று பாட்டுகளைக் கேட்டு வாங்கும், மூன்றுக்கு மேல் வேண்டாம். சனி பின்னேரப் பயிற்சிக்குக் கீபோட்டைப் பழைய போர்வையில் சுற்றி மோட்டார் சைக்கிளில் கொண்டுபோம். கீபோட்டும் தங்கச்சியும் ஒன்றாக ஏற இடம் போதாது என்றால், முதல் தடவையில் அவளைக் கொண்டுபோய் இறக்கிவிட்டு வாரும். ஆர்மோனியத்தைத் திறந்து சுருதி பார்க்க அவளுக்கு நேரம் வேண்டும்.