மயில்துத்தம் ஏன் வெளுக்கிறது?

கேள்வி: பிளஸ் ஒன் படிக்கும் என் மகள் ஆய்வகத்தில் மயில்துத்தத்தைச் சூடாக்கினாளாம், வெள்ளையாகிவிட்டது, தண்ணீர் விட்டதும் மறுபடி நீலம். அப்படியானால் நீலம் தண்ணீரால் வருவதா? எப்சம் உப்பிலும்தான் தண்ணீர் இருக்கிறது, அது ஏன் வெள்ளை?
– வாசகர், தேனி

பதில்: சரியான இடத்தில் மடக்கிவிட்டீர்கள். மயில்துத்தம் என்பது காப்பர் சல்பேட், அதாவது செம்பு சேர்ந்த உப்பு. நிறம் செம்பினுடையது, ஆனால் தண்ணீர் பக்கத்தில் இருந்தால்தான் அது நம் கண்ணுக்குத் தெரியும். படிகத்துக்குள் ஒவ்வொரு செம்பு அயனியையும் சுற்றி நான்கு தண்ணீர் மூலக்கூறுகள் சதுரமாக நிற்கின்றன, மேலும் கீழும் சற்றுத் தள்ளி சல்பேட்டின் ஆக்சிஜன் ஒவ்வொன்று. ஐந்தாவது தண்ணீர் செம்பைத் தொடுவதே இல்லை, ஹைட்ரஜன் பிணைப்பால் தொங்கிக்கொண்டிருக்கிறது. 1934இல் பீவர்ஸ், லிப்சன் இருவரும் எக்ஸ்ரே வைத்து இதைக் கண்டுபிடித்தார்கள். இந்த அமைப்பில் செம்பின் ‘டி’ வகை எலக்ட்ரான்கள் வெளிச்சத்தில் உள்ள சிவப்புப் பக்கத்தை விழுங்கிவிடும், மிச்சம் நீலம்.

சூடாக்கும்போது தண்ணீர் மொத்தமாகப் போவதில்லை. 63 டிகிரி வாக்கில் இரண்டு, 109 வாக்கில் இன்னும் இரண்டு, கடைசி ஒன்று 200ஐத் தொட்டால்தான் கிளம்பும். எடையில் 36 சதவீதம் காலி! இப்போது செம்பைச் சுற்றி சல்பேட் மட்டும்தான், அதன் பிடி தண்ணீரின் பிடியை விடத் தளர்வு, அதனால் விழுங்கும் வெளிச்சம் அகச்சிவப்புப் பக்கம் நகர்ந்துவிடுகிறது, நம் கண்ணுக்கு வெள்ளையாகத் தெரிகிறது. ஒன்று மட்டும் மகளிடம் சொல்லுங்கள்: அளவுக்கு மீறிச் சுட்டால் காப்பர் ஆக்சைடாகிக் கறுத்துவிடும், அப்புறம் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினாலும் நீலம் வராது. விஷம் வேறு, வீட்டுப் பாத்திரத்தில் செய்து பார்க்க வேண்டாம்.

எப்சம் உப்பு மக்னீசியம் சல்பேட், அதில் ஏழு தண்ணீர் இருக்கிறது, ஆனால் மக்னீசியம் அயனியிடம் டி எலக்ட்ரானே கிடையாது, எதை வைத்து வெளிச்சத்தை விழுங்கும்? இரும்பு சல்பேட்டான அன்னபேதியிலும் ஏழுதான், அங்கே இரும்பு இருப்பதால் பச்சை.

கேள்வி: ஜிப்சம், பேரைட் இரண்டும் சல்பேட்தானே, ஒன்றை நகத்தால் கீறலாம், இன்னொன்றில் கீறல் விழவில்லையே?
– வாசகி, அரியலூர்

பதில்: இங்கும் தண்ணீர்தான் காரணம். ஜிப்சத்தில் கால்சியம் சல்பேட் அடுக்குகளுக்கு நடுவே தண்ணீர் அடுக்கு இருக்கிறது, பிணைப்பு அங்கே பலவீனம், அந்த இடத்தில் ஏடு ஏடாகப் பிரியும். கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை அளக்கும் மோஸ் அளவில் அதன் கடினத்தன்மை வெறும் 2. பேரியம் சல்பேட்டான பேரைட்டில் தண்ணீரே இல்லை, கடினத்தன்மை 3க்கு மேல். கையில் எடுத்துப் பாருங்கள், பேரியம் கனமான அணு என்பதால் அதே அளவு ஜிப்சத்தைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு கனக்கும்.