லிஃப்ட் கதவுக்கு நானே பூட்டுப் போடலாமா?

கேள்வி: எங்கள் கட்டடத்தில் தளத்துக்கு ஒரே வீடு. லிஃப்ட் திறந்தால் நேராக எங்கள் வரவேற்பறைதான். சென்ற மாதம் மேல்தளத்துக்குப் போக வேண்டிய ஒருவர் பொத்தானை மாற்றி அழுத்திவிட்டு உள்ளே வந்து நின்றார். வீட்டில் என் மகள் மட்டும் இருந்தாள். அட்டை காட்டினால்தான் எங்கள் தளத்துக்கு லிஃப்ட் வரும்படி மாற்றச் சொன்னேன். ‘லிஃப்ட் பொதுச் சொத்து, முடியாது’ என்கிறது உரிமையாளர் சங்கம். நானே லிஃப்ட் கதவில் ஒரு பூட்டுப் போட்டுக்கொள்ளலாமா?

பதில்: உங்கள் மகள் எவ்வளவு பயந்திருப்பாள் என்று நினைத்தாலே மனம் பதறுகிறது. ஆனாலும் அந்தப் பூட்டைப் போடாதீர்கள்.

தளக் கதவின், அதாவது ஒவ்வொரு தளத்திலும் இருக்கும் லிஃப்ட் கதவின், பூட்டு லிஃப்டின் பாதுகாப்பு அமைப்பில் ஓர் உறுப்பு. ஐரோப்பியத் தரமான இ.என். 81-20-இன்படி அதன் கொக்கி குறைந்தது 7 மில்லிமீட்டர் பிடித்த பிறகே பெட்டி நகரலாம். பெட்டி பழுதாகி நின்றால், மீட்க வருபவர் முக்கோணச் சாவியால் தளக் கதவை வெளியிலிருந்து திறப்பார். அந்த ‘வெளி’ உங்கள் வரவேற்பறை. நீங்கள் போட்ட பூட்டால் ஒருவர் உள்ளே சிக்கி உயிருக்கு ஆபத்து நேர்ந்தால், பொறுப்பு உங்கள் தலையில் விழும். காப்பீட்டு நிறுவனமும் கைவிரிக்கலாம்.

சங்கத்தின் பதிலும் சரியல்ல. பெட்டியும் அது ஏறி இறங்கும் குழியும் தளக் கதவும் பெரும்பாலும் பொதுச் சொத்துதான். விற்பனைப் பத்திரத்தையும் இணைப்பு வரைபடத்தையும் பார்த்து இதை உறுதிசெய்யுங்கள். ஆனால் கதவைத் தாண்டியதும் உங்கள் வீடு. லிஃப்டில் ஏறும் உரிமை அதற்குள் கால்வைக்கும் உரிமையைத் தராது. பொதுச் சொத்தைப் பராமரிப்பவர், அதனால் ஒருவருக்கு நேரக்கூடிய ஆபத்தை அறிந்த பின்னும் சும்மா இருந்தால், அது கவனக்குறைவு. ‘எங்களுக்குத் தெரியாது’ என்று நாளை சொல்ல முடியாதபடி இன்றே எழுதுங்கள்: சம்பவம், நாள், நேரம், கேட்கும் தீர்வு. கையெழுத்திட்ட ஒப்புகையும் வாங்கிவையுங்கள். வாய்ப்பேச்சு நீதிமன்றத்தில் நிற்பது கடினம்.

கேட்க வேண்டிய தீர்வு, பெட்டிக்குள் இருக்கும் உங்கள் தளப் பொத்தானுக்குத்தான். அட்டையோ ரகசிய எண்ணோ இல்லாமல் அது இயங்கக் கூடாது. விருந்தினர் வந்தால் வீட்டிலிருந்து இன்டர்காம் வழியாக அனுமதிக்கலாம். வீட்டிலிருந்து கீழே போக அட்டை தேவைப்படவே கூடாது. தீயணைப்பு வீரரின் சாவி எல்லாக் கட்டுப்பாட்டையும் மீற வேண்டும். இந்த இரண்டும் எழுத்தில் இல்லாத திட்டத்துக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். வேலையை லிஃப்ட் பராமரிப்பு நிறுவனமே செய்யட்டும்.

ஓர் ஓட்டை இன்னும் இருக்கிறது. மின்சாரம் போனால் பெட்டியை அருகிலுள்ள தளத்துக்குக் கொண்டுபோய்க் கதவைத் திறந்துவிடும் கருவி பல லிஃப்டுகளில் உண்டு. அந்தத் தளம் உங்களுடையதாக இருந்தால் அட்டை தடுக்காது. உள்ளே இன்னொரு கதவு வைக்கலாம் என்று தோன்றும். இரண்டு கதவுகளுக்கும் நடுவிலிருந்து படிக்கட்டுக்கு வழி இருந்தால் மட்டும் வையுங்கள். இல்லையென்றால் வந்தவர் அங்கே அடைபட்டுவிடுவார். கட்டட அனுமதியும் தீயணைப்புத் துறையின் ஒப்புதலும் தேவையா என்று முன்னதாகவே விசாரியுங்கள்.

அட்டை யாரிடம் இருக்கும், தொலைந்தால் யார் ரத்துசெய்வார், வாடகைதாரர் காலிசெய்தால் என்ன செய்வது என்பதையெல்லாம் பொதுக்குழுத் தீர்மானத்திலேயே எழுதச் சொல்லுங்கள். கடிதத்துக்குப் பிறகும் சங்கம் அசையவில்லையென்றால், வழக்கறிஞர் அறிவிப்பு அனுப்பி, கட்டுப்பாட்டை அமைக்கும்படி ஆணை கோரி உரிமையியல் நீதிமன்றத்தை அணுகலாம்.