வெள்ளையோ பழுப்போ, எத்தனை ஸ்பூன்?

வெள்ளைச் சர்க்கரை விஷம் என்கிறார்களே, உண்மையா? (விழுப்புரம்)

இல்லை. ஆனால் கிராமுக்கு 4 கலோரி என்பதைத் தவிர அதில் வேறு சத்தும் கிடையாது. நாளைக்கு 25 கிராம், அதாவது ஐந்தாறு ஸ்பூனுக்குள் நின்றால் பயப்பட வேண்டாம். பிஸ்கட், ஜாம், தேன், பழச்சாறு எல்லாம் இந்தக் கணக்கில் சேரும். பலரும் காபியோடு எண்ணுவதை நிறுத்திவிடுகிறார்கள்.

கந்தகம் போட்டு வெளுக்கிறார்களாமே? (ஈரோடு)

ஆமாம், நம் ஆலைகளில் அது பழைய வழக்கம். சர்க்கரையில் மிஞ்சுவது சொற்பம்; அதற்கு வரம்பும் உண்டு. ஸ்பூனை எண்ணுங்கள், போதும்.

எனக்குச் சர்க்கரை நோய். ஆறு மாதமாக நாட்டுச் சர்க்கரைதான். ஆனாலும் ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரி ரத்தச் சர்க்கரையைக் காட்டும் பரிசோதனை) 9-ஐத் தாண்டிவிட்டது. ஏன்? (மதுரை)

எத்தனை ஸ்பூன் என்று எழுதவில்லை. மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்றும் எழுதவில்லை. பிறகு நான் எதை வைத்துப் பதில் சொல்ல?

நாட்டுச் சர்க்கரையிலும் வெல்லத்திலும் பெரும்பங்கு அதே சுக்ரோஸ்தான். குடலுக்குள் போனதும் குளுக்கோஸாகவும் ஃப்ரக்டோஸாகவும் பிரிந்துவிடும். கணையம் நிறம் பார்த்து இன்சுலின் சுரப்பதில்லை. 'நல்லதுதானே' என்ற தைரியத்தில் இரண்டு ஸ்பூன் போட்டவர்கள் மூன்று போடுகிறார்கள். இரும்புச்சத்து என்பீர்கள். ஒரு பெண்ணுக்கு நாளைக்கு 30 மில்லிகிராம் அளவில் தேவை. 10 கிராம் வெல்லத்தில் பெரும்பாலும் ஒரு மில்லிகிராம்கூடத் தேறாது.

நெடுஞ்சாலையோரம் 'சர்க்கரை நோயாளிகளும் அருந்தலாம்' என்று கருப்பட்டிக் காபிக்கு போர்டு வைத்திருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ரத்தக் கொதிப்பு ஏறுகிறது. அந்தக் கருப்பட்டியிலாவது கலப்படம் இல்லையா? சீனியைக் காய்ச்சிக் கலந்து விற்பது ஊரறிந்த ரகசியம். வெல்லம் காய்ச்சும் ஆலைகளில் உணவுப் பாதுகாப்புத் துறையினர் சீனி மூட்டைகளையே பிடித்திருக்கிறார்கள். பளீரென்ற மஞ்சள் வெல்லம் ஹைட்ரோஸ் என்ற ரசாயனம் போட்டு வெளுத்ததாக இருக்கலாம். ஆக, சீனிக்குப் பயந்து ஓடியவர் பல மடங்கு விலை கொடுத்துச் சீனியையே வாங்கி வருகிறார்! கருப்பட்டியின் மணம் பிடித்திருந்தால் சாப்பிடுங்கள், மருந்து என்று நினைத்துச் சாப்பிடாதீர்கள். மாத்திரையை நிறுத்தியிருந்தால் இன்றே மருத்துவரைப் பாருங்கள்.

எட்டு மாதக் குழந்தைக்குத் தேன் தரலாமா? (தேனி)

ஒரு வயது வரை நாக்கில் தொட்டு வைப்பதும் கூடாது. பொட்டுலிசம் என்ற ஆபத்தான நோய் வரக்கூடும்.

செயற்கை இனிப்பூட்டி புற்றுநோய் தருமா? (கோவை)

எந்த இனிப்பூட்டி? அஸ்பார்டேம் என்று எடுத்துக்கொள்கிறேன். 2023-ல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமையினர் அதைப் புற்றுநோய்க்குக் காரணமாக இருக்கக்கூடும் என்ற 2பி பிரிவில் சேர்த்தார்கள், ஆதாரம் வலுவானதல்ல. உடல் எடையில் கிலோவுக்கு 40 மில்லிகிராம் என்ற தினசரி வரம்பு அப்போதும் மாறவில்லை. ஒரு மாத்திரையில் 20 மில்லிகிராம் என்றால், 60 கிலோ எடையுள்ளவர் நூறு மாத்திரைக்கு மேல் போட்டால்தான் அந்த வரம்பைத் தொடுவார். எடை குறைக்க இதை நம்ப வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனமும் அதே ஆண்டு சொல்லிவிட்டது.

பிரவுன் சுகர்? (சென்னை)

பெரும்பாலும் வெள்ளைச் சர்க்கரையில் மொலாசஸை (சர்க்கரை எடுத்தபின் மிஞ்சும் கரும்பாகு) திரும்பக் கலந்தது. விலைதான் வேறு.

பத்து வயது மகள் தினமும் ஒரு பாட்டில் கோலா குடிக்கிறாள். கெடுதலா? (திருச்சி)

300 மில்லியில் 30 கிராமுக்கு மேல் சர்க்கரை, ஏறக்குறைய ஏழு ஸ்பூன். கெடுதல்தான். தினமும் அதை வாங்கித் தருவது யார் என்றும் எழுதியிருக்கலாம்.